வேகமாக இறக்காதே! – வீடியோ தளங்களின் தீராத தலைவலி

2007, 2008 வாக்கில் வீட்டில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வைத்திருந்த மாணவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மாதம் 500 ரூபாய்த் திட்டத்தில் பகலில் அளந்து அளந்துதான் செலவு செய்ய வேண்டும். இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. அதனால் அலாரம் வைத்து இரண்டு மணிக்கு எழுந்து, டவுன்லோட் மேனேஜரில் வேண்டியதை எல்லாம் வரிசையாகப் போட்டுவிட்டு மறுபடி போய்ப் படுப்பார்கள். காலையில் எட்டு அடிப்பதற்குள் எழுந்து நிறுத்தவில்லை என்றால் அடுத்த பில் வரும்போது அப்பாவிடம் பாட்டு நிச்சயம்.

யூடியூப் பார்ப்பதற்கும் ஒரு தனி முறை உண்டு. வீடியோவைத் திறந்தவுடன் பாஸ் பட்டனை அமுக்கிவிட வேண்டும். கீழே இருக்கும் பட்டை மெல்ல மெல்ல நிரம்பும். அதற்குள் போய் டீ குடித்துவிட்டு வந்தால் தடங்கல் இல்லாமல் முழுதாகப் பார்க்கலாம். இதைச் செய்த யாரும் தான் ஏதோ தப்பு செய்வதாக நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டை நிரம்பியபோது என்ன நடந்தது? முழு வீடியோவும் அவர் கணினிக்கு வந்து சேர்ந்துவிட்டது. இண்டர்நெட் எக்ஸ்புளோரரின் தற்காலிகக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைத் துழாவினால் 'கெட்_வீடியோ' என்ற பெயரில் பெரிய கோப்பு ஒன்று உட்கார்ந்திருக்கும். லினக்ஸ்காரர்களுக்கு இன்னும் சுலபம். 'டெம்ப்' ஃபோல்டரிலேயே 'ஃபிளாஷ்' என்று தொடங்கும் பெயரில் கிடக்கும். எடுத்து வேறு இடத்தில் ஒட்டி, பெயருக்குப் பின்னால் எஃப்.எல்.வி. என்று சேர்த்தால் வேலை முடிந்தது.

'இது பார்க்க மட்டும்தான், இறக்கிக்கொள்ள அல்ல' என்று ஒரு தளம் சொல்லும்போது அதற்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. கணினிக்கு எதையும் அனுப்பாமல் அதில் எதையும் காட்ட முடியாது. திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ அந்த வீட்டுக்குள் வந்த பிறகுதான் தெரிகிறது. வந்ததை வைத்துக்கொண்டால் டவுன்லோட். பார்த்துவிட்டு விட்டுவிட்டால் ஸ்ட்ரீமிங். இரண்டுக்கும் நடுவில் இருப்பது தொழில்நுட்பம் இல்லை, நடத்தைதான். குழாயைத் திறந்து கை கழுவிக்கொள், குடத்தை மட்டும் வைக்காதே என்று சொல்வது போல.

சரி, வைத்துக்கொண்டால் என்ன போச்சு? விளம்பரம் போச்சு என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். இறக்கி வைத்த கோப்பில் நடுநடுவே சோப்பு விளம்பரம் வராது. படத்தின் உரிமையாளர்களோடு போட்ட ஒப்பந்தமும் இருக்கிறது. ஆனால் வேகம் என்பது தனிக் கதை. வெளியே அவ்வளவாகப் பேசப்படாத கணக்கு அது.

பத்து நிமிட வீடியோ ஒன்று, நொடிக்கு 500 கிலோபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 37.5 மெகாபைட். ஒருவர் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பிடிக்காமல் மூடிவிட்டுப் போகிறார். அவர் பார்த்தது 3.75 மெகாபைட்தான். ஆனால் அவருடைய இணைப்பு நல்ல வேகம், தளத்தின் வழங்கியும் தாராளம் என்றால், அந்த ஒரு நிமிடத்துக்குள் முழு 37.5 மெகாபைட்டும் போய்ச் சேர்ந்திருக்கும். மீதி அத்தனையும் வீண். அனுப்பிய அலைவரிசைக்குத் தளம் காசு கொடுத்தாக வேண்டும். வீடியோக்களைப் பாதியில் மூடுவதுதான் மனித இயல்பு. ஆகவே எந்தத் தளமும் 'தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவு' என்றுதான் அனுப்பப் பார்க்கும். பந்தியில் இலை நிறைய ஒரேயடியாகக் கொட்டாமல், சாப்பிடச் சாப்பிடப் பரிமாறுவது போல.

யூடியூப் இதற்கு ஒரு முறை வைத்திருந்தது. முதலில் ஒரு பாய்ச்சல்: சுமார் 40 நொடி ஓடக்கூடிய அளவு வீடியோவை முழு வேகத்தில் தள்ளிவிடும். அதன் பிறகு வீடியோ ஓடும் வேகத்தைப் போல 1.25 மடங்கு மட்டும். பார்ப்பவர் ஒரு நிமிடம் பார்ப்பதற்குள் ஒன்றேகால் நிமிடத்துக்கான சரக்கு வந்துகொண்டிருக்கும், ஆகவே தடங்கலும் இல்லை, வீணும் குறைவு. சுவாரசியம் என்னவென்றால் இந்த எண்கள் ரகசியமாகக் கூட இல்லை. வீடியோவின் நீளமான முகவரியிலேயே 'பர்ஸ்ட் 40, ஃபேக்டர் 1.25' என்று எழுதியிருந்தது! உடனே யாருக்கும் கை துறுதுறுக்கும். 1.25-ஐ 100 என்று மாற்றிப் போட்டால்? பலிக்காது. அந்த எண்களையும் சேர்த்துத்தான் முகவரிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு எழுத்தை மாற்றினாலும் கையெழுத்து பொருந்தாது, வழங்கி கதவைச் சாத்திவிடும்.

ஆனால் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஹெச்.டி.டி.பி. என்ற நெறிமுறையில் 'இந்தக் கோப்பில் இத்தனையாவது பைட்டிலிருந்து இத்தனையாவது பைட் வரை கொடு' என்று கேட்க ஒரு வசதி 1990களிலேயே வந்துவிட்டது. பாதியில் அறுந்த டவுன்லோடைத் தொடர்வதற்கு உதவுவது அதுதான். ஃபிளாஷ்கெட், இண்டர்நெட் டவுன்லோட் மேனேஜர் போன்றவை ஒரே கோப்பை எட்டுத் துண்டாக்கி எட்டு இணைப்பில் இழுப்பதும் இதை வைத்துத்தான். இப்போது யோசியுங்கள். ஒவ்வொரு புதுக் கேள்விக்கும் முதலில் ஒரு பாய்ச்சல் கிடைக்கிறது. அப்படியானால் ஒரே கேள்வியாகக் கேட்காமல், சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டால்? ஒவ்வொரு முறையும் பாய்ச்சல்தான். பின்னாளில் வந்த இறக்கும் மென்பொருட்கள் யூடியூபில் ஒரு தடவைக்கு 10 மெகாபைட்டுக்கு மேல் கேட்காமல் துண்டு துண்டாகக் கேட்டதற்குக் காரணம் இதுவே. அதற்கு மேல் கேட்டால்தான் வேகம் குறைந்தது.

அப்படியானால் துண்டாகக் கேட்பதைத் தடை செய்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பார்ப்பவர் பட்டையை இழுத்து நாற்பதாவது நிமிடத்துக்குத் தாவுகிறார். அவருடைய பிளேயர் என்ன செய்யும்? 'இந்த பைட்டிலிருந்து கொடு' என்றுதான் கேட்கும். அதே கேள்வி. கேட்பது பார்வையாளரின் விரலா, இறக்கும் மென்பொருளா என்று வழங்கிக்குத் தெரியாது. முதல் பாய்ச்சலை நிறுத்தலாமா? நிறுத்தினால் திறந்தவுடன் அந்தச் சுழலும் வட்டம் வந்து நிற்கும், ஆள் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார். வேகத்தை ஒரு மடங்குக்கு மேல் விடாமல் பிடித்தால்? பாடங்களை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத் தேர்வுக்கு முதல் நாள் படிக்கும் கூட்டம் இருக்கிறதே (யாரென்று சொல்ல வேண்டியதில்லை, இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பாதிப் பேர்!). அவர்களுக்கு இரண்டு மடங்கு வேகத்தில் அனுப்பித்தான் ஆக வேண்டும். ரயிலில் போகிறவருக்கு ஊர் வரும்போது மட்டும் சிக்னல் கிடைக்கும். கிடைக்கிற இரண்டு நிமிடத்தில் அடுத்த பத்து நிமிடத்துக்கானதை வாரி எடுத்துக்கொண்டால்தான் படம் ஓடும். அந்த ரயில் பயணி செய்வதும் வேகமான டவுன்லோட்தான். வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசல் ஒரே மாதிரி.

சரி, ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் இவ்வளவுதான் என்று அளந்துவிடலாமே? யார் அந்த 'ஒரு ஆள்'? லாகின் செய்யாமல் பார்ப்பவரை அடையாளம் காண ஐ.பி. எண்தான் இருக்கிறது. ஒரு கல்லூரி விடுதியில் நானூறு பேர் ஒரே ஐ.பி. எண்ணுக்குப் பின்னால் இருப்பார்கள். செல்பேசி நிறுவனங்களும் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே எண்ணுக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கின்றன. எண்ணுக்கு இவ்வளவு என்று வரம்பு போட்டால் ஒருவர் இறக்கியதற்கு முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்குத் தண்டனை. இன்னொரு பக்கம், வீட்டு வைஃபையிலிருந்து வெளியே வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும் ஒருவருக்கு ஐ.பி. எண் நடுவழியில் மாறிவிடும். எண்ணை இறுக்கிப் பிடித்தால் அவருக்குப் படம் நின்றுபோகும்.

இதற்கும் அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. சொல்லப்போனால் இதுதான் முக்கியமான காரணம். பெரிய தளங்கள் வீடியோவை ஒரே இடத்திலிருந்து அனுப்புவதில்லை. நகரத்துக்கு நகரம், சில சமயம் இணையச் சேவை நிறுவனத்தின் கட்டடத்துக்குள்ளேயே, பிரதி வைத்த கணினிகளை நிறுத்தியிருப்பார்கள். நெட்ஃப்ளிக்ஸ் 2012ல் தொடங்கிய 'ஓப்பன் கனெக்ட்' அப்படிப்பட்டதுதான். இந்தக் கணினிகள் வேகமானவை, ஆனால் யோசிக்காதவை. கேட்ட துண்டைத் தூக்கி வீசுவதே அவற்றின் தொழில். அவற்றிடம் ஒரு கையெழுத்தைச் சரிபார்க்கச் சொல்லலாம். இந்த முகவரி செல்லுமா, காலாவதி ஆகிவிட்டதா என்று பார்ப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம், கணக்குப் போட்டால் போதும். ஆனால் 'இந்த ஆள் இன்றைக்கு ஏற்கெனவே எவ்வளவு வாங்கினார்?' என்று கேட்டால், அதற்கு நினைவு வேண்டும். அவர் பக்கத்துக் கணினியில் வாங்கியதையும் சேர்த்து எண்ண வேண்டும். எல்லாக் கணினிகளும் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் இதைச் செய்தால், மிச்சம் பிடிக்க நினைத்த அலைவரிசையை விட இந்தக் கணக்குப்பிள்ளைக்குக் கொடுக்கும் சம்பளம் அதிகமாகிவிடும். தியேட்டர் வாசலில் டிக்கெட்டைக் கிழிப்பவர், இது நல்ல டிக்கெட்டா என்று பார்ப்பார். நீங்கள் இதே படத்தை ஊரில் வேறு எந்தத் தியேட்டரில் பார்த்தீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் ஒரு காலத்தில் அளந்து அனுப்பும் வழங்கிகள் இருக்கத்தான் செய்தன. 1990களின் ரியல்பிளேயரை நினைவிருக்கிறதா? அதில் வழங்கியும் பிளேயரும் தங்களுக்குள் ஒரு ரகசியக் கைகுலுக்கல் வைத்திருந்தன. கைகுலுக்கத் தெரியாதவருக்கு வீடியோ கிடையாது. ஓடும் வேகத்துக்கு ஏற்ற வேகத்தில்தான் அனுப்பும். இதைச் சேமிக்கலாம், சேமிக்கக் கூடாது என்று உரிமையாளர் குறித்து வைக்கும் ஒரு 'காப்பி ஸ்விட்ச்' கூட இருந்தது. ஸ்ட்ரீம்பாக்ஸ் என்ற நிறுவனம் அந்தக் கைகுலுக்கலைக் கற்றுக்கொண்டு, ஸ்விட்சைக் கண்டுகொள்ளாமல் சேமிக்கும் மென்பொருள் ஒன்றை வெளியிட்டது. பெயரே 'ஸ்ட்ரீம்பாக்ஸ் வி.சி.ஆர்.' ரியல்நெட்வொர்க்ஸ் வழக்குப் போட்டது. சியாட்டில் நீதிமன்றம் 2000 ஜனவரியில் அந்த மென்பொருளை விற்கத் தற்காலிகத் தடை விதித்தது. அடுத்து மேக்ரோமீடியாவும் அதை வாங்கிய அடோபியும் ஆர்.டி.எம்.பி. என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தன. அதுவும் ஃபிளாஷ் பிளேயருக்கு மட்டும் பேசும் தனி மொழி. அதையும் ஆர்.டி.எம்.பி. டம்ப் என்ற சின்ன நிரல் பேசக் கற்றுக்கொண்டது. 2009ல் அடோபி நோட்டீஸ் அனுப்பி அதை சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலிருந்து இறக்க வைத்தது. நிரல் வேறு இடத்துக்குக் குடிபோனது, அவ்வளவுதான்.

அந்தத் தனி மொழிகளைக் கொன்றது திருடர்கள் இல்லை, செலவு. அவற்றுக்குத் தனி வழங்கி வேண்டும், ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு இணைப்பைத் திறந்து வைத்துக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அலுவலக ஃபயர்வால்கள் அந்தப் போர்ட்டை அடைத்துவிடும். சாதாரண வலைப்பக்கங்களுக்காக உலகம் முழுதும் நிறுத்தியிருந்த மலிவான பிரதிக் கணினிகள் எதுவும் இதற்கு உதவாது. ஆகவே 2008ல் மைக்ரோசாஃப்ட், 2009ல் ஆப்பிள் என்று ஒவ்வொருவராக வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, சாதாரண ஹெச்.டி.டி.பி. கோப்புகளாக வைக்கத் தொடங்கினார்கள். 2012ல் எம்பெக்-டேஷ் என்ற பொதுத் தரமும் வந்தது. ஒரு துண்டு என்பது ஒரு படக்கோப்பு மாதிரி, ஒரு வலைப்பக்கம் மாதிரி. எந்த மலிவான கணினியும் கொடுக்கும். எந்த மலிவான நிரலும் வாங்கிக்கொள்ளும்! எவ்வளவு வேகத்தில் வாங்குவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு வழங்கியிடமிருந்து பார்வையாளர் வீட்டில் ஓடும் பிளேயருக்குப் போய்விட்டது. அதாவது, காவலாளியை வீட்டுக்குள் இருப்பவரே நியமித்துக்கொள்ளலாம் என்ற நிலை.

எனவே தளங்களுக்கு மிஞ்சிய வழி ஒன்றுதான். கேட்பது தன்னுடைய பிளேயர்தானா என்று எப்படியாவது கண்டுபிடிப்பது.

இந்த இடத்தில் யூடியூப்-டிஎல் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 2006ல் ரிக்கார்டோ கார்சியா என்ற ஸ்பெயின் நாட்டு நிரலர் எழுதியது. அவரிடம் அப்போது இருந்தது தொலைபேசி வழி 56கே மோடம் இணைப்பு. அந்த வேகத்தில் நேரடியாகப் பார்ப்பது நடக்காத காரியம் என்பதால், இறக்கி வைத்துப் பார்ப்பதற்காகப் பைதானில் ஒரு சின்ன நிரல் எழுதினார். திருட்டுக்கு அல்ல, மெதுவான இணைப்புக்காகப் பிறந்த மென்பொருள் அது. அந்த இரண்டு மணி அலாரம்காரர்களின் அண்ணன் என்று சொல்லலாம்.

யூடியூப் தன் முகவரிக் கையெழுத்தைக் கலைத்துப் போட ஆரம்பித்தது. எழுத்துகளைத் தலைகீழாக்கு, இரண்டை இடம் மாற்று, முன்னால் மூன்றை வெட்டு என்பது போன்ற விளையாட்டு. கலைத்ததை எப்படிச் சரிசெய்வது என்பது பிளேயரின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குள் இருக்கும். அந்த நிரல் அடிக்கடி மாறும். ஆனால் எவ்வளவு மாறினாலும், அதைப் பார்வையாளரின் உலாவிக்கு அனுப்பித்தானே ஆக வேண்டும்? பூட்டோடு சாவியையும் கூரியரில் அனுப்பும் கதை. யூடியூப்-டிஎல் எழுதுகிறவர்கள் பைதானுக்குள்ளேயே ஒரு குட்டி ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரத்தை எழுதி, அந்தத் துணுக்கை மட்டும் ஓட்டி விடையை எடுத்துக்கொண்டார்கள். 2020 அக்டோபரில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் நோட்டீஸ் அனுப்பி, கிட்ஹப்பிலிருந்து அந்த நிரலை நீக்க வைத்தது. பூட்டை உடைக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் பதில் எழுதியது: எல்லா உலாவிக்கும் யூடியூப் அனுப்பும் அதே நிரலை இதுவும் ஓட்டுகிறது, எதையும் உடைக்கவில்லை என்று. நவம்பரில் கிட்ஹப் அதைத் திரும்ப வைத்ததோடு, இப்படி மாட்டிக்கொள்ளும் நிரலர்களுக்கு உதவப் பத்து லட்சம் டாலர் நிதியும் ஒதுக்கியது. ஜெர்மனியில் காற்று வேறு பக்கம் வீசியது. அந்த மென்பொருளின் வலைப்பக்கத்துக்கு இடம் கொடுத்த நிறுவனத்துக்கு எதிராக 2023ல் ஹாம்பர்க் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

சட்டத்தைவிட சுவாரசியம் 2021ல் யூடியூப் செய்த ஒரு காரியம். வீடியோ முகவரியில் 'என்' என்ற பெயரில் ஒரு எழுத்துக்கோவை. பிளேயரின் ஜாவாஸ்கிரிப்ட் அதை ஒரு கணக்குக்கு உட்படுத்தி மாற்றி அனுப்பும். மாற்றாமல் அனுப்பினால்? மறுப்பு வராது. வீடியோ வரும். ஆனால் நொடிக்கு ஐம்பது, அறுபது கிலோபைட் வேகத்தில். உண்மையிலேயே புத்திசாலித்தனமான யோசனை. கதவைச் சாத்தினால் உடனே பிழைச் செய்தி வரும், எங்கே உடைந்தது என்று நிரலர்களுக்குத் தெரிந்துவிடும். மெதுவாக்கினால், இறக்குகிறவர் தன் இணைப்பைத் திட்டுவார், மோடத்தை அணைத்துப் போடுவார், வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்வார். ஒரு மணி நேரப் பாடம் 200 மெகாபைட் என்றால் நொடிக்கு 50 கிலோபைட்டில் இறங்க 4000 நொடி, அதாவது 67 நிமிடம். பார்ப்பதைவிட இறக்குவது நேரம்! 'வேகமாக இறக்காதே' என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. கொஞ்ச நாளில் அந்தக் கணக்கையும் கண்டுபிடித்துவிட்டார்கள். யூடியூப்-டிஎல்லின் வழித்தோன்றலான ஒய்டி-டிஎல்பி அதைச் செய்து காட்டியது. யூடியூப் அந்த நிரலை மேலும் மேலும் சிக்கலாக்கியது. கடைசியில் 2025ல் குட்டி இயந்திரம் தாங்காமல், ஒய்டி-டிஎல்பி பயன்படுத்துகிறவர்கள் முழு ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம் ஒன்றையே தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும் என்ற நிலை வந்தது. ஒரு உலாவியைப் போல நடிக்கப் போய், கிட்டத்தட்ட உலாவியாகவே மாறிவிட்ட மென்பொருள்.

'அப்ப நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறது?' என்று கேட்கலாம். அங்கே கதை வேறு. அவர்கள் கோப்பையே மறையாக்கம் செய்து அனுப்புகிறார்கள். எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் இறக்கிக்கொள், திறக்கும் சாவி இல்லாமல் அது வெறும் குப்பை. கூகிள் 2010ல் வாங்கிய வைட்வைன் போன்ற அமைப்புகள் அந்தச் சாவியைச் சாதனத்துக்குள் ஒளித்து வைக்கின்றன. சிப்புக்குள் ஒளிப்பது ஒரு ரகம், மென்பொருளுக்குள் ஒளிப்பது மட்டமான இன்னொரு ரகம். அந்த இரண்டாவது ரகத்தை உடைத்துவிட்டதாக 2019 தொடக்கத்தில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அறிவித்தார். பல தளங்கள் மட்டமான ரகச் சாதனங்களுக்கு மட்டமான தரத்தில்தான் படம் அனுப்புகின்றன. ஒழுங்காகச் சந்தா கட்டியவர், லினக்ஸ் மடிக்கணினி வைத்திருக்கிறார் என்ற ஒரே குற்றத்துக்காக மங்கலான படம் பார்க்க வேண்டியதுதான். கடைசிக் கம்பியில், அதாவது கணினிக்கும் திரைக்கும் நடுவில் போடும் ஹெச்.டி.சி.பி. பூட்டின் தலைமைச் சாவியும் 2010லேயே வெளியே வந்துவிட்டது. அதுவும் வேண்டாம் என்றால் திரைக்கு முன்னால் ஒரு கேமராவை வைக்க யாராலும் முடியும். கண்ணுக்குத் தெரிவது கேமராவுக்கும் தெரியும்.

எல்லா வீடியோவுக்கும் யூடியூப் இப்படிப் பூட்டுப் போட்டால்? பழைய டிவிகள், மலிவு விலைப் போன்கள், பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி வைத்த வீடியோக்கள் எத்தனையோ நின்றுபோகும். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் சாவி கேட்டு ஒரு பயணம். பூனை வீடியோவுக்கு எதற்கு வங்கி லாக்கர்? இங்கேதான் தளங்களின் உண்மையான மனநிலை தெரிகிறது. இறக்குகிறவர்களை முழுதாக ஒழிக்க அவர்களால் முடியாது என்பது பாதி உண்மைதான். ஒழிக்கப் போனால் சாதாரணப் பார்வையாளர் கஷ்டப்படுவார், அவர் போய்விட்டால் விளம்பரமும் போய்விடும் என்பது மீதி. ஆகவே வேலியை உயர்த்துவதில்லை, தாண்டுகிறவனுக்குக் கொஞ்சம் முள் குத்தினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் அந்த முள் யாருக்குக் குத்துகிறது? இறக்கி விற்கும் கூட்டத்திடம் எப்போதும் புதுப் பதிப்பு மென்பொருள் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு வாரத் தாமதம் ஒன்றும் பெரிதில்லை. குத்துவது, கல்லூரியில் மட்டும் வைஃபை கிடைத்து, வீட்டுக்குப் போனால் சிக்னலே இல்லாத ஊரில் இருந்து படிக்கும் மாணவிக்கு. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை இலவசமாகப் பரவ வேண்டும் என்றே எடுக்கப்பட்டவை. அதன் சொந்தத் தளத்தில் இறக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் அதே பாடம் யூடியூபில் இருக்கும்போது யூடியூபின் விதிதான் செல்லும். இறக்கும் பட்டனை யூடியூபே கொடுத்தால் ஒழிய இறக்கக் கூடாது. வீடியோவைப் போட்ட ஆசிரியர் 'எடுத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே' என்று வீடியோவிலேயே சொன்னாலும் சரி. போட்டவரின் விருப்பம் அந்த 1.25 கணக்குக்குள் எங்கேயும் வருவதில்லை. கோபம் வர வேண்டியது இங்கேதான். இறக்குவதா வேண்டாமா என்பதை உரிமையாளர் தீர்மானிக்கட்டும், நியாயம். குழாய் வைத்திருப்பவர் ஏன் தீர்மானிக்க வேண்டும்?

தளங்களும் இதை உணராமல் இல்லை. இந்தியாவில் 2014 டிசம்பரில் யூடியூப் தன் செயலியில் சேமித்துப் பார்க்கும் வசதியைக் கொடுத்தது. அதிகபட்சம் 48 மணி நேரம், அதுவும் அந்தச் செயலிக்குள் மட்டும். நெட்ஃப்ளிக்ஸ் 2016 நவம்பரில் கொடுத்தது. இணைப்பு மோசமான ஊர்களில் வேறு வழியில்லை என்று தெரிந்துதான் கொடுத்தார்கள். ஆனால் இரவல் புத்தகம் மாதிரி, திருப்பிக் கொடுக்கும் தேதி அதற்குள்ளேயே ஒட்டியிருக்கும்.

திருப்பிக் கொடுக்க வேண்டியவர் காணாமல் போனால்? 2011 ஏப்ரலில் கூகிள் வீடியோ என்ற தளம், ஏப்ரல் 29க்குப் பிறகு எந்த வீடியோவும் ஓடாது என்று அறிவித்தது. இரண்டு வார அவகாசம். ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் தூக்கமில்லாமல் இறக்கித் தள்ளியது. அவர்களிடம் இருந்த ஆயுதம் வேறென்ன, வேகமான டவுன்லோட்தான். எதிர்ப்பு கிளம்பியதும் கூகிள் பின்வாங்கி, வீடியோக்களை யூடியூபுக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தது. அந்த இரண்டு வாரத்தில் யாராவது நொடிக்கு ஐம்பது கிலோபைட் என்று வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பாஸ் பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போகும் வித்தை இப்போது பலிக்காது மக்களே. 2013 வாக்கில் யூடியூப் துண்டு முறைக்கு மாறியபோதே அது போய்விட்டது. பிளேயர் அடுத்த கொஞ்ச நேரத்துக்கான துண்டுகளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு நின்றுவிடும். சாம்பல் நிறப் பட்டை ஒரு விரற்கடை தள்ளி அப்படியே இருக்கும். ஃபிளாஷும் 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஆனால் பழைய ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் எஃப்.எல்.வி. கோப்பு ஒன்றை எடுத்து வி.எல்.சி.யில் போட்டுப் பாருங்கள், ஓடும்.